பொன்னியாக ஆட விரும்பும் மாணவன்: ஓர் ஆசிரியையின் கேள்விக்குப் பதில்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம். நான் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பெரிய மாணவர்கள் ஆறு பேர். 17 வயது முதல் 20 வயது வரை உள்ளவர்கள். வீட்டில் எல்லோரும் ஆங்கிலமே பேசுகிறார்கள். அவர்களைத் தமிழில் வாய் திறக்க வைப்பதற்காக, வகுப்பு முடிந்ததும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதை விளையாட்டு ஆடுகிறோம். ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகப் பேசுவார்கள். நான் கேம் மாஸ்டராகக் கதையை நகர்த்துவேன். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை முடிவு செய்யும். இப்போது புதிய கதை தொடங்க இருக்கிறோம். 19 வயது மாணவன் ஒருவன், ஆற்றுவழியாக உப்புக் கடத்தும் நாற்பது வயதுத் தாயாக ஆட விரும்புகிறான். பொன்னி என்று பெயரும் வைத்துவிட்டான். அதைக் கேட்டதும் மாணவி ஒருத்தி, "அப்படியென்றால் நான் வரவில்லை, மேம்" என்று சொல்லிவிட்டாள். வேறொரு நண்பர் குழுவில் பெண்ணாக ஆடிய ஓர் இளைஞன் அதை ஆபாசக் கேலியாக ஆக்கினானாம். மாணவனின் தாத்தாவோ, "பேரனுக்கு எதற்குப் பெண் வேடம்? அவனுக்கு ஏதாவது கோளாறா?" என்று என்னையே கேட்கிறார். நான் அனுமதிப்பதா, மறுப்பதா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவன் பொன்னியாக ஆடலாம் என்பதே என் கருத்து. அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு எழுதப்போகும் நிபந்தனைகள் மறைமுகமான மறுப்பாக உங்களுக்குத் தோன்றிவிடக் கூடாது. ஆனால் அவனிடம் சம்மதம் சொல்வதற்கு முன்னால் நீங்கள் பேச வேண்டியது அந்த மாணவியிடம். உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஆண்பிள்ளை பெண்ணாக நடிப்பது தகுமா என்று தாத்தா கேட்கிறார். இவர்கள் கையில் அந்தப் பெண் பாத்திரம் என்ன பாடுபடப்போகிறது என்று மாணவி கேட்கிறாள். ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்றொன்றுக்குப் போதாது. இரண்டில் மாணவியின் கேள்வியே கடினமானது, முதலில் கவனிக்க வேண்டியதும் அதுதான்.

அவளைத் தனியே அழைத்துப் பேசுங்கள். அந்த நண்பர் குழுவில் என்ன நடந்தது என்பதை அவள் சொல்ல விரும்பும் அளவுக்கு மட்டும் கேளுங்கள். விவரங்களை வற்புறுத்திப் பெற வேண்டாம். அதைவிட, "எது நடந்தால் நீ மேசையை விட்டு எழுந்துவிடுவாய்?" என்ற கேள்வி பயன் தரும். அவள் சொல்வதை அவளுடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஆண் பெண்ணாக ஆடுவதையே அவள் எதிர்க்கிறாள் என்று முன்கூட்டி முடிவுகட்டிவிடாதீர்கள். இளைஞர்கள் பெண் பாத்திரத்தை எடுக்கும்போது மேசையில் என்ன நடக்கும் என்பதை அவள் நேரில் பார்த்தவள். குரலைக் கீச்சென்று உயர்த்துவது, பாத்திரத்தின் உடலை வருணிப்பது, எதிர்ப்படும் ஆண்கள் எல்லோரோடும் சரசமாடுவது, ஒவ்வொன்றுக்கும் மேசை முழுவதும் சிரிப்பது என்று அது போகும். அந்த மேசையில் உண்மையான பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், தன் நண்பர்கள் பெண்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அவள் அங்கேயே தெரிந்துகொள்கிறாள்; கூடவே சிரிக்க வேண்டிய கட்டாயமும் அவள்மீது விழுகிறது. விளையாட்டுத்தானே என்று அவளுக்குச் சமாதானம் சொல்வது நியாயமாகாது.

உங்கள் மாணவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நீங்கள் நம்பலாம். அவன் தேர்ந்தெடுத்திருக்கும் பாத்திரத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நாற்பது வயதில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உப்புக் கடத்தும் பெண்ணைக் கேலிக்காக யாரும் கற்பனை செய்வதில்லை. ஆயினும் நல்ல எண்ணம் மட்டும் போதாது. ஆண் பெண் வேடம் கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு அவன் தலைமுறையினர் பார்த்து வளர்ந்த முன்மாதிரி பெரும்பாலும் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளில் புடவை கட்டி வரும் ஆண்தான். கதை சூடுபிடித்து, அடுத்த வசனம் என்னவென்று தோன்றாமல் தடுமாறும் கணத்தில், நல்ல பையன்கூட அந்த முன்மாதிரியைத் தன்னை அறியாமல் எடுத்துக்கொள்வான். நண்பர்கள் சிரித்துவிட்டால் அதையே தொடர்வான். ஆகவே அவனுக்கு வேறொரு முன்மாதிரியைக் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அது என்னவென்று பின்னர் சொல்கிறேன்.

மாணவி விஷயத்தில் இன்னும் ஒன்று. அவள் மேசையில் தொடர்வதாகச் சொன்னால், அவளைப் பெண்மையின் நீதிபதியாக உட்கார வைத்துவிடாதீர்கள். "பெண்கள் இப்படிப் பேசுவார்களா?", "இந்த இடத்தில் ஒரு தாய் என்ன செய்வாள்?" என்று ஒவ்வொரு முறையும் அவள் முகத்தை எல்லோரும் பார்க்கத் தொடங்கினால், அவளுக்கு விளையாட்டே இல்லாமல் போய்விடும். அவளும் தனக்கென்று ஒரு பாத்திரத்தோடு வருகிறவள். விரும்பினால் அவள் ஓர் ஆணாகவும் ஆடலாம் என்பதை அவளிடம் சொல்லுங்கள். இதுவரை யாரும் அவளிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் நிபந்தனைகளை எல்லாம் கேட்ட பிறகும் அவள் உறுதியாக மறுத்தால், பொன்னியை ஒரே ஒரு மாலைக்கு வெள்ளோட்டமாக வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதற்கும் இல்லை என்றால், அந்தக் கதையை மற்றவர்களோடு வேறு நேரத்தில் சிறியதாக ஆடுங்கள். அவள் மறுப்பால்தான் அது தள்ளிப்போனது என்று அந்தப் பையனிடம் சொல்லாதீர்கள்.

இனித் தாத்தாவின் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நம் மரபே நிறைய வைத்திருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல், நேட்டால் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த நம் மக்கள் தெருக்கூத்தையும் தங்களோடு வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று இங்குள்ள முதியவர்கள் சொல்வார்களே, விடிய விடிய ஆடும் அந்தக் கூத்தில் திரௌபதியும் ஆண், சுபத்திரையும் ஆண். பகலெல்லாம் கரும்பு வெட்டியவர் இரவில் சீலை கட்டி, கொண்டை வைத்து, துகிலுரியும் காட்சியில் கதறும்போது கூடியிருந்தவர்கள் அழுதார்கள். அவருடைய ஆண்மையைப் பற்றி யாருக்கும் ஐயம் எழவில்லை. தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகளில் 'ஸ்திரீ பார்ட்', அதாவது ஆண்கள் பெண் வேடம் கட்டுவது, ஒரு தொழில், சிவாஜி கணேசன் சிறுவனாக நாடகக் கம்பெனியில் சீதை முதலான பெண் வேடங்களைக் கட்டியவர், டி.கே.சண்முகம் ஔவையாராக நடித்த சிறப்பால் ஔவை சண்முகம் என்றே அறியப்பட்டார். எதிர்த்திசையிலும் அப்படியே. 1935இல் வந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள், 1941இல் வந்த சாவித்திரி படத்தில் நாரதராக நடித்தவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. மேடையைத் தாண்டி கோயிலுக்குள் போனாலும், நம்மாழ்வார் பராங்குச நாயகியாக நின்று தாயின் குரலிலும் மகளின் குரலிலும் பாடியிருக்கிறார்.

இவற்றை நீங்கள் தாத்தாவிடம் சொற்பொழிவாகச் சொல்ல வேண்டாம். "ஐயா, நீங்கள் சிறுவயதில் கூத்துப் பார்த்திருக்கிறீர்களா? திரௌபதி யார் கட்டினார்கள்?" என்று கேளுங்கள். டர்பனில் அம்பலவாணர் ஆலயம் போன்ற இடங்களில் திரௌபதைக்குத் தீமிதி இன்னும் நடக்கிறது. அந்தக் கதை அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அவர் பேசட்டும். அதற்குப் பிறகு, "உங்கள் பேரன் ஒரு கதையில் தாயாக வருகிறான்; பிள்ளைகளைக் காப்பாற்ற ஆற்றைக் கடக்கிறான்" என்று சொன்னால் போதும். பேரன் மனதில் என்ன இருக்கிறது என்று விளக்க முற்படாதீர்கள். அது நீங்கள் பேசுவதற்குரிய விஷயம் அல்ல. தாத்தாவை ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லலாமா என்று யோசித்தால், முதலில் மாணவர்களிடம் கேட்டுவிடுங்கள். யாரோ மதிப்பெண் போட வந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் அன்றைய ஆட்டம் கெட்டுப்போகும்.

இந்த மரபுப் பெருமை தாத்தாவுக்குப் பதிலாகுமே தவிர மாணவிக்குப் பதிலாகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்திரீ பார்ட் அவ்வளவு செழித்ததற்கு, நல்ல குடும்பத்துப் பெண் மேடை ஏறக் கூடாது என்ற தடையும் ஒரு காரணம். பெண்கள் இல்லாத இடத்தில் பெண்களுக்காக ஆண்கள் பேசிய கலை அது. அதன் அழகை நான் மனமார நேசிக்கிறேன், ஆனால் அந்தத் தடையை நியாயப்படுத்த அதைப் பயன்படுத்த மாட்டேன். உங்கள் மேசையில் பெண்கள் இருக்கிறார்கள். கூத்துக்காரருக்கு இல்லாத பொறுப்பு ஒன்று அதனால் உங்கள் மாணவனுக்கு வந்துசேர்கிறது: அவன் பெண்ணாகப் பேசுவதை, அவனோடு சேர்ந்து ஆடும் பெண்களே எதிரே உட்கார்ந்து கேட்கிறார்கள்.

அவனுக்குக் கொடுக்க வேண்டிய முன்மாதிரி இரண்டை நினைக்கிறேன். ஒன்று மகாபாரதத்திலேயே இருக்கிறது. விராட நகரத்தில் மறைந்து வாழ்ந்த ஆண்டில், அர்ச்சுனன் பிருகந்நளையாகி உத்தரைக்கு நடனம் கற்பிக்கிறான். அதே விராட பருவத்தில், கீசகனைக் கொல்வதற்காகப் பீமன் திரௌபதியின் இடத்தில் இருட்டில் காத்திருக்கிறான். பெண்ணுடையில் சென்றதாகச் சொல்லும் மரபும் உண்டு. பீமனுக்கு அந்த உடை ஒரு பொறி. கீசகன் தொட்ட மறுகணமே அது கழன்றுவிடும், பார்ப்பவர்களும் அந்தக் கணத்துக்காகவே காத்திருப்பார்கள். பிருகந்நளைக்கோ அது ஓராண்டு வாழ்க்கை. அதில் வேலை இருக்கிறது, மாணவி இருக்கிறாள், அரண்மனையில் ஓர் இடம் இருக்கிறது. பெண்ணாக ஆட வரும் இளைஞன் பலமுறை தெரியாமலே பீமனின் வழியில் போய்விடுகிறான். உள்ளே நான் ஆண்தான் என்பதை ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் நண்பர்களுக்கு நினைவூட்டிக்கொண்டே ஆடுகிறான், ஏனெனில் அது அவனுக்குப் பாதுகாப்பு. பொன்னி பிருகந்நளையின் வழியில் இருக்கட்டும் என்று இந்தக் கதையைச் சொல்லியே அவனுக்கு விளக்கலாம். தமிழ் வகுப்புக்கும் அது நல்ல பாடம்.

இரண்டாவது முன்மாதிரி சங்க அகப்பாடல்கள். தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் செவிலி கூற்றாகவும் ஆண் புலவர்கள் எத்தனையோ பாடியிருக்கிறார்கள். அந்தப் பாடல்களில் தலைவி பேசும்போது அவள் பார்வை பெரும்பாலும் வெளியே போகிறது. மழை வந்துவிட்டது, அவர் சொன்ன காலம் வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, ஊர் தூங்கிவிட்டது, நான் தூங்கவில்லை என்று அவள் சொல்கிறாள். அவள் எப்படித் தோன்றுகிறாள் என்பதைவிட அவள் கண்ணில் என்ன படுகிறது என்பதுதான் நமக்குக் கிடைக்கிறது. புதிதாகப் பெண்ணாக ஆடும் இளைஞன் செய்யும் முதல் பிழை இதற்கு நேர்மாறானது: தன் பாத்திரத்தைத் தானே வெளியே நின்று பார்க்கிறான். நீண்ட கூந்தல், கூரிய கண்கள், இறுக்கமான உடை என்று வருணித்து முடித்த பிறகு அவனுக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. எனவே பொன்னியை அறிமுகப்படுத்தும்போது அவள் தோற்றத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அனுமதியுங்கள். மற்றதெல்லாம் அவள் அறிந்தவை, அஞ்சுபவை, அவளுக்கு வேண்டியவை பற்றி இருக்கட்டும். ஆற்றில் எந்த இடத்தில் சுழி இருக்கிறது, எந்தச் சுங்கக் காவலன் கையூட்டு வாங்குவான், உப்பு மூட்டை நனைந்தால் யாருக்குக் கடன் நிற்கும், மூத்த பிள்ளை ஏன் அவளோடு பேசுவதில்லை என்ற நான்கு கேள்விகளுக்கு அவன் விடை எழுதி வந்தால், பொன்னி மேசைக்கு வரும் முன்பே முழு மனுஷியாகியிருப்பாள். குரலை மாற்ற வேண்டிய தேவையே இராது. தன் இயல்பான குரலில் பேசட்டும்.

நீங்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? கேம் மாஸ்டரான நீங்கள் வாரந்தோறும் அரசனாகவும் காவலனாகவும் வணிகனாகவும் கள்ளனாகவும் பேசுகிறீர்கள். ஓர் ஆசிரியை ஏன் ஆணாக நடிக்கிறார் என்று எந்தத் தாத்தாவும் கேட்கவில்லை. ஆண் வேடம் பெண்ணுக்கு உயர்வு, பெண் வேடம் ஆணுக்குத் தாழ்வு என்ற எண்ணம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக ஊறிக் கிடக்கிறது என்பதையே இது காட்டுகிறது. மாணவர்கள் தயங்கினால் இதையே அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த விளையாட்டும் அதே எண்ணத்தோடு மல்லுக்கட்டித்தான் வந்திருக்கிறது. இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானது. அதன் மேம்பட்ட பதிப்புக்காக 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண் பாத்திரங்களைவிடக் குறைந்த உச்ச வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. பறக்கும் நாகங்களும் மந்திரக்காரர்களும் உலவும் உலகில், வலிமை மிக்க பெண் மட்டும் நம்ப முடியாதவளாகத் தோன்றினாள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த விதி இல்லை. 2014ஆம் ஆண்டுக் கையேடோ, உங்கள் பாத்திரம் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம், பாலினம் பற்றிய வழக்கமான எதிர்பார்ப்புகளுக்குள் அடங்க வேண்டியதும் இல்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. உங்கள் மாணவன் கேட்பது அந்த விளையாட்டில் புதுமையான ஒன்றல்ல.

மேசை விதிகளுக்கு வருகிறேன். கதை தொடங்குவதற்கு முன் ஒரு முழு சந்திப்பை விதிகளுக்காகவே ஒதுக்குவது இந்த ஆட்டக்காரர்களிடம் வழக்கம். 'செஷன் ஜீரோ' என்பார்கள். அன்று பகடையே வேண்டாம். எவை கதைக்குள் வரவே கூடாது, எவை நடந்ததாகச் சொல்லி விவரிக்காமல் கடந்துபோக வேண்டியவை என்று இரண்டாகப் பேசி முடிவு செய்யுங்கள். மாணவியிடமிருந்து நீங்கள் குறித்து வந்தவற்றை, அவள் பெயரைச் சொல்லாமல், உங்கள் விதிகளாகவே முன்வையுங்கள். பாலியல் காட்சிகளும் பாலியல் வன்முறையும் கிடையாது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை, உங்கள் மேசையில் 17 வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. பாத்திரங்களுக்கிடையே காதல் வேண்டுமானால், சம்பந்தப்பட்ட இரு ஆட்டக்காரர்களும் முன்னதாகவே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பொன்னியோடு யாரும் திடீரென்று சரசம் பேசத் தொடங்கக் கூடாது.

மேசை நடுவில் பெரிய பெருக்கல் குறி எழுதிய அட்டை ஒன்றை வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் என்பவர் உருவாக்கிய இந்த 'எக்ஸ் கார்டு' முறை, கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக இவ்வகை மேசைகளில் பரவலாகப் பயன்படுகிறது. யாருக்காவது நடக்கும் காட்சி தாங்க முடியாததாக இருந்தால் அட்டையைத் தொட்டால் போதும்; அந்தக் காட்சி அதோடு விலக்கப்படும், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. பெரியவர்கள் முன் எதிர்த்துப் பேசக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு, விளக்கம் சொல்லாமல் மறுக்க முடிகிற இந்த வழி மிகவும் உதவும் என்று கருதுகிறேன். ஆனால் அட்டையை வைத்துவிட்டு அவர்கள் தொடுவார்கள் என்று காத்திருந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள். முதல் நாளிலேயே, பெரிதல்லாத ஒரு விஷயத்துக்காக, நீங்களே ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள்.

கேடு பெரும்பாலும் பெண்ணாக ஆடுகிறவனிடமிருந்து வருவதில்லை, மற்றவர்களிடமிருந்துதான் வருகிறது. நண்பர்கள் கண்ணடிப்பார்கள், "அடியே பொன்னி" என்று இழுப்பார்கள், கதைக்குள் பொன்னியை மட்டும் கள்ளர்கள் தூக்கிச் செல்வார்கள். அதில் சிலவற்றை நீங்களே அறியாமல் செய்துவிடலாம். உங்கள் காவலர்கள் ஆண் பாத்திரங்களிடம் "எங்கே போகிறாய்?" என்றும், பொன்னியிடம் "தனியாக எங்கே போகிறாய்?" என்றும் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். பெண்ணை ஒடுக்கும் உலகமாகக் கதை உலகம் இருக்கத்தான் வேண்டுமா என்பதையும் செஷன் ஜீரோவில் கேட்டுவிடுங்கள். அந்த மாணவி வாரம் முழுவதும் டாக்சியிலும் தெருவிலும் கேட்கிற பேச்சை, சனிக்கிழமை மாலையில் கதைக்குள்ளும் கேட்க விரும்பாமல் இருக்கலாம். நாற்பது வயதுத் தாய்க்கு ஊரார் தரும் மரியாதையோடு பொன்னியை நடத்துங்கள்; உங்கள் காவலன் அவளை "அக்கா" என்று அழைத்தால் மேசையின் தொனி முழுவதும் அதைப் பின்பற்றும்.

தமிழில் ஆடுவதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பொன்னியாகப் பேசும்போது அவன் "நான் கயிற்றை அவிழ்க்கிறேன்" என்பான். அவன் வாயில் எதுவும் மாற வேண்டியதில்லை. அவளைப் பற்றிப் பேசும் மற்றவர்கள்தான் "அவிழ்க்கிறாள்" என்று சொல்லப் பழக வேண்டும். ஆட்டக்காரனைப் பற்றியும் பாத்திரத்தைப் பற்றியும் பேசும்போது இந்த வேறுபாட்டைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: "அவன் யோசிக்கிறான், பொன்னி துடுப்பை எடுக்கிறாள்." பையன் வேறு, பொன்னி வேறு என்பதை மேசை முழுவதும் இந்த ஒரு பழக்கமே உணர்த்திக்கொண்டிருக்கும். யாராவது தவறிச் சொன்னால், சிரிப்புக்கு இடம் கொடுக்காமல், சரியான வாக்கியத்தை நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போங்கள். வினைமுற்றுகளும் தானாகப் படியும்.

இனி அந்த மாணவனைப் பற்றி. ஏன் பெண்ணாக ஆட விரும்புகிறாய் என்று அவனிடம் கேட்காதீர்கள். கொல்லனாகவோ கள்ளனாகவோ ஆட வந்தவனிடம் அந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதில்லை. பொன்னி என்ற பாத்திரத்தை வைத்து அவனுடைய பாலினத்தையோ விருப்பங்களையோ கணிக்க முடியாது. நான் இளைஞர்களோடு பணிபுரியும் அனுபவத்தில், அப்படிக் கணிக்க முயன்ற பெரியவர்கள் பிள்ளையின் நம்பிக்கையை இழந்ததைத்தான் கண்டிருக்கிறேன். பெரும்பாலோருக்கு அது வெறும் ஆர்வம், அல்லது தாயையோ பாட்டியையோ புரிந்துகொள்ளும் முயற்சி. சிலருக்கு மட்டும், தன்னைப் பற்றிய ஒரு கேள்வியைப் பாதுகாப்பாகக் கேட்டுப் பார்க்கும் முதல் இடமாக அது அமைவதுண்டு. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. இரண்டுக்கும் இடம் கொடுக்கும் மேசையை அமைப்பதே உங்கள் வேலை.

என்றாவது அவனே வந்து, பொன்னியாக இருக்கும்போதுதான் தான் தானாக இருப்பதாகச் சொன்னால், பதறாமல் கேளுங்கள். அவன் தன்னைக் குறிக்க எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறானோ அதையே நீங்களும் பயன்படுத்துங்கள். அவன் அனுமதியின்றித் தாத்தாவிடமோ பெற்றோரிடமோ ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். தாத்தா கேட்ட "கோளாறு" என்ற சொல்லுக்கு மருத்துவம் எப்போதோ விடை சொல்லிவிட்டது: 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு பொருந்தாத உணர்வு மனநோய்களின் பட்டியலில் இல்லை. நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பாலினத்தின் பேரிலும் பாலியல் நாட்டத்தின் பேரிலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. உதவி தேட வேண்டிய அறிகுறிகள் வேறு. உறக்கம் கெடுவது, நண்பர்களைத் தவிர்ப்பது, வாழ்வில் பிடிப்பில்லை என்று பேசுவது, வீட்டிலோ வெளியிலோ அடியும் அவமானமும் படுவது ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்காமல் ஓர் உளவியல் ஆலோசகரிடம் அனுப்புங்கள். அவன் பொன்னியாக ஆடினாலும் ஆடாவிட்டாலும் இது பொருந்தும்.

ஆட்டம் முடிந்தவுடன் பிள்ளைகளைக் கலைந்துபோக விட்டுவிடாதீர்கள். பாத்திரத்துக்கு நேர்ந்த அவமானம் ஆட்டக்காரனின் நெஞ்சிலும், ஆட்டக்காரனின் கோபம் பாத்திரத்தின் வாயிலும் கசிவதுண்டு. ஆட்டக்காரர்கள் இதை 'பிளீட்' என்பார்கள். கூத்துக்காரருக்கு முகத்தில் பூசிய அரிதாரத்தைக் கலைக்கும் நேரம் கிடைக்கிறது. திரௌபதி அந்த நேரத்தில் அவரை விட்டுப் போகிறாள். மேசையில் வேடமும் இல்லை, கலைப்பதும் இல்லை. மாணவன் நேராக எழுந்து தாத்தாவின் காரில் ஏறிவிடுகிறான். ஆகவே கடைசிப் பத்து நிமிடங்களை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரையும் அவரவர் சொந்தப் பெயரால் அழைத்து, அன்றைய கதையில் எது பிடித்தது, எது உறுத்தியது என்று கேளுங்கள். மாணவியின் முகத்தையும் அப்போது கவனித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் சொல்லத் தயங்கியது அங்கே வரக்கூடும்.

மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகு பொன்னி அவனுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், பாத்திரத்தை மாற்றிக்கொள்ள வழி வைத்திருங்கள். அதற்குக் காரணம் கேட்கவும் வேண்டாம், அவளைக் கதைக்குள் கொல்லவும் வேண்டாம். பொன்னி உப்பை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு மேல்கரை ஊருக்குப் போய்விட்டாள் என்று நீங்கள் அறிவித்துவிட்டால், அவன் அடுத்த சனிக்கிழமை வேறொரு பெயரோடு வந்து உட்காரலாம். பின்னொரு நாள் அவளையே மீண்டும் அழைத்து வரவும் செய்யலாம்.

அன்புடன்,
உளவியல் ஆலோசகர், டர்பன்